பன் வண்டியின் மேற்குச் சுவர்

நூர் பாஷா அளவு எடுக்காமல் எந்த வேலையிலும் இறங்கமாட்டார். எடுத்த அளவையும் நம்பமாட்டார், இன்னொரு தடவை எடுப்பார். தருமபுரியில் சேலம் ரோட்டோரம் இருந்த அவருடைய தகரப் பட்டறைக்கு லாரிக்கு டோர் போட வந்தவர்கள், "பாய், டோர் போடச் சொன்னா மாப்பிள்ளைக்குச் சட்டை தைக்கிற மாதிரி அளக்கறீங்களே" என்று நொந்துகொள்வார்கள். டேப் அவரிடம் இருந்தது. ஆனால் அவர் நம்பியது நூலைத்தான். கெட்டி நூலை இழுத்துப் பிடித்து, வேண்டிய இடத்தில் ஒரு முடிச்சு. "டேப்புல நம்பரை மாத்திப் படிச்சிடலாம். முடிச்சை எப்படி மாத்திப் படிப்ப?" என்பார்.

அப்படிப்பட்ட மனிதர், ஆறு மாதம் நூல் பிடித்துக் கட்டிய ஒரு வண்டியில் செய்த தப்பைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது சரிதான். ஆனால் இந்த ஆனை சறுக்குவதற்கு ஆறு மாதம் உட்கார்ந்து பாதை போட்டது. எண்பத்தாறு ஆடியில் தொடங்கி, எண்பத்தேழு தையில் முடிந்த கதை. தன் வாழ்க்கையில் சந்தோஷமான காலம் எது என்று கேட்டால் நூர் பாஷா பிற்பாடு அந்த ஆறு மாதத்தைத்தான் முதலில் சொல்வார். கல்யாணமான புதிதுகூட அவருக்கு இரண்டாம் பட்சம்தான்.

கல்யாணமான புதிது என்பது ஐம்பத்தெட்டாம் வருஷம். அவருக்கு இருபத்து நாலு வயது, அஸ்கரி பேகத்துக்குப் பதினெட்டு. பென்னாகரத்தில் மாமா வீட்டு விருந்துக்குப் போனவர்கள், மறுநாள் ஒகேனக்கல் பார்க்கக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அஸ்கரி பேகம் கோஷா. அவர்கள் குடும்பத்துப் பெண்கள் திரைக்குள்தான் போவார்கள், திரைக்குள்தான் வருவார்கள். வண்டிக்கு முன்னும் பின்னும் படுதா கட்டியிருந்தது. அருவிக்கரையிலோ எண்ணெய் தேய்த்துக்கொண்டு கோவணத்தோடு நிற்கும் ஆண்கள் கூட்டம். படுதாவைத் திறக்கிற பேச்சுக்கே இடமில்லை. நூர் பாஷா மட்டும் இறங்கிப் போய், ஆசை தீரக் குளித்து, வறுத்த மீனும் தின்றுவிட்டு ஈரத் தலையோடு திரும்பினார். படுதாவுக்குள்ளிருந்து புதுப் பெண்டாட்டியின் குரல் கேட்டது.

"எப்படிங்க இருந்துச்சு?"

புது மாப்பிள்ளை என்ன சொல்லியிருக்க வேண்டும்? நுரை, சாரல், பாறை, பரிசல் என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்:

"தண்ணி கொட்டுது."

அந்த இரண்டு வார்த்தைக்காக அவர் இருபத்தெட்டு வருஷம் வாங்கிக் கட்டிக்கொண்டார். பிரியாணி எப்படி இருக்கிறது என்று கேட்டு அவர் "நல்லாருக்கு" என்றால், "ஆமாமா, தண்ணி கொட்டுதுன்னு சொன்னவருகிட்ட கேட்டன் பாருங்க" என்பாள். அவர்கள் வீட்டில் உருதுவும் தமிழும் கலந்து ஓடும். சண்டை மட்டும் சுத்தமான தமிழில்.

அஸ்கரி பேகத்தை யாரும் அடைத்து வைக்கவில்லை. மாமியார் காலமாகிப் பத்து வருஷம் ஆன பிறகும் அவள்தான் படுதாவை விடவில்லை. "என் வூட்டு நெழல்ல இருக்கறது எனக்குப் பிடிச்சிருக்கு. உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்பாள். உள்ளே இருந்தபடியே பேப்பர் படிப்பாள், ரேடியோ கேட்பாள். பாலக்கோட்டு மார்க்கெட்டில் தக்காளி என்ன விலைக்குப் போகிறது என்பது வியாபாரிக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். வீட்டுக்கு வெளியே அவளுக்கு வேலையே இருந்ததில்லை.

ஒரே மகள் அமீனாவை வாணியம்பாடியில் கட்டிக்கொடுத்த பிறகுதான் வீடு மாறியது. மூன்று பேருக்கு உலை வைத்துப் பழகிய கை, இரண்டு பேருக்கு அரிசி அளக்கத் தடுமாறியது. ரேடியோவைத் திருப்புவதை நிறுத்தினாள். பேப்பர் மடித்தபடியே கிடந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, சண்டை நின்றுபோனது. நூர் பாஷா பயந்தது அதற்குத்தான். வேண்டுமென்றே ஒருநாள், "குழம்புல உப்பு இல்லை" என்று சொல்லிப் பார்த்தார். அவள் பேசாமல் உப்புக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் சாயங்காலம் அவளே வாயைத் திறந்தாள்.

"ஏங்க, ஆறு இங்கருந்து எந்தப் பக்கம்?"

"எந்த ஆறு?"

"நீங்க எத்தனை ஆறு காட்டியிருக்கீங்க, எந்த ஆறுன்னு கேக்கறதுக்கு?"

"மேக்கால" என்றார் அவசரமாக. பழைய குரல் கொஞ்சம் திரும்பி வந்ததில் அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"பாக்கணும்போல இருக்கு."

"நாளைக்கே டாக்சி சொல்லிடறன்."

"டாக்சி வேணாம். லாட்ஜு வேணாம். கூட்டம் நிக்கிற எடம் வேணவே வேணாம். என் வூட்டை விட்டு நான் வரமாட்டன். வூட்ல இருந்தபடி பாக்கணும்."

"அதெப்படி பேகம் முடியும்? வூட்டுக்குச் சக்கரமா இருக்கு?"

"சக்கரம் இருக்கறதுக்கெல்லாம் தகரம் அடிக்கறவரு நீங்கதானே, யோசிங்க." பிறகு அவளே சொன்னாள். "ஒரே ஒரு தடவைதான் கேக்கறன். நடந்தா நடக்கட்டும். நடக்கலைன்னா இந்தப் பேச்சை இனி எடுக்கமாட்டன். எங்கயும் கூப்பிடாதீங்க, நானும் கேக்கமாட்டன்."

இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. முன்பு ஒரு தடவை, "இனி உங்க அக்கா வூட்டு விருந்துக்கு வரமாட்டன்" என்று சொன்னவள், அந்த அக்காவே நேரில் வந்து அழைத்தும் பன்னிரண்டு வருஷம் போகவில்லை. சொன்னால் சொன்னதுதான். கிடைத்திருப்பது ஒரே ஒரு தடவை. அதில் கோட்டைவிட்டால் இந்த மௌனம்தான் கடைசிவரைக்கும் என்று நூர் பாஷாவுக்குப் புரிந்துவிட்டது.

ஓசூர் பக்கம் ஒரு பேக்கரிக்காரர் தொழிலை விட்டுவிட்டார் என்றும், பன் ஏற்றி ஓடிய பழைய வேன் சும்மா நிற்கிறது என்றும் கேள்விப்பட்டுப் போய், விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தார். நாலு பக்கமும் தகரம் மூடிய வண்டி. பதினான்கு வருஷம் பன் சுமந்ததில், வெயில் ஏறினால் இப்போதும் உள்ளே இனிப்பு ரொட்டி வாசனை வந்தது. பக்கத்துப் பட்டறை யாகப்பன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தான். இந்த இருவரும் பதினைந்து வருஷக் கூட்டாளிகள். தகரம் இவர், இன்ஜின் அவன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போதும் யாகப்பன் நகக்கண்ணில் கிரீஸ் இருக்கும்.

"என்ன பாய், பன் யாவாரம் பண்ணப் போறீங்களா?"

"வூடு கட்டப் போறன்."

"வூட்டையா? இதுலயா?"

"பேகம் ஆறு பாக்கணும்னு சொல்லிட்டா. வூட்ல இருந்தபடி பாக்கணுமாம்."

யாகப்பன் சிரிக்கப் போனான். பாயின் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டான். "எந்த எடத்துக்குப் போவணும்னு சொல்லுங்க. அதுக்குத் தக்கன வண்டியைத் தூக்கணும்" என்றான்.

இடத்தை நூர் பாஷா ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தார். ஒகேனக்கல் பரிசல் துறையைத் தாண்டினால், ஆற்றை ஒட்டியே வடக்கே ஒரு மாட்டு வண்டித் தடம் போகிறது. எப்போதோ மூங்கில் ஏற்றப் போட்ட தடம். மூன்று மைல் போனால் ஆள் அரவமே கிடையாது, ஆறும் பாறையும்தான். ஆனால் வழி முழுக்கக் கல், நடுவில் மணல் ஓடை ஒன்று. பன் ஏற்றி ஓடிய வண்டி அந்தத் தடத்தில் பத்தடி போகாது.

யாகப்பன் கூடுதலாக ஸ்பிரிங் பட்டைகள் போட்டு வண்டியை ஒரு முழம் உயர்த்தினான். பழைய ராணுவ ஜீப்பின் சக்கரங்களைத் தேடிப் பிடித்து மாட்டினான். ஓடைத் தண்ணீர் ஏறாமல் இருக்கப் புகைக்குழாயைப் பக்கவாட்டில் மேலே தூக்கிவிட்டான். இன்ஜினுக்கு அடியில் கல் அடிக்காமல் இருக்க லாரிப் பின்கதவின் கெட்டித் தகடு. மணலில் சிக்கினால் சக்கரத்துக்கு அடியில் கொடுக்க இரண்டு பலகை, இழுக்க ஒரு சங்கிலி. உயர்ந்து நின்ற வண்டியைப் பார்த்த டீக்கடைக்காரர், "சர்க்கஸ் கம்பெனி எந்த ஊருக்குப் போவுது பாய்?" என்று கேட்டார். ஊருக்குள் அதற்கு நூர் பாஷா பங்களா என்று பேர் வந்துவிட்டது.

வீடு நூர் பாஷாவின் பொறுப்பு. அஸ்கரி பேகம் ஆண்கள் நிற்கும் பட்டறைக்கு வரமாட்டாள். அதனால் அவர் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் நூலோடு வீட்டுக்குப் போவார். அவள் நின்று கையைத் தூக்கினால் எதுவரை எட்டும்? ஒரு முடிச்சு. அடுப்பு எந்த உயரத்தில் இருந்தால் இடுப்பு வலிக்காது? ஒரு முடிச்சு. அரிவாள்மணை போட்டு உட்கார்ந்தால் முழங்கால் எதில் இடிக்காது? அதற்கொரு முடிச்சு. தொழுகைக்கு நிமிர்ந்து நின்றால் தலைக்கு மேல் எவ்வளவு வேண்டும்? கூரையை அறுத்து ஒன்றரை அடி தூக்கினார். "கையைத் தூக்கு, அப்படியே நில்லு, அசையாதே" என்று அவர் நூலைப் பிடிப்பார். "நில்லுன்னா எவ்வளவு நேரங்க நிக்கறது? நான் என்ன லாரியா?" என்று அவள் சொல்வாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காகவே எடுத்த அளவை மறுபடி எடுத்தார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு, பெண்டாட்டியின் தோள் எவ்வளவு உயரம், கை எவ்வளவு நீளம் என்று அவருக்குத் தெரியவந்தது அந்த நாட்களில்தான். பட்டறையில் தனியாக உட்கார்ந்து முடிச்சுகளைத் தடவும்போது அவருக்குத் தன்னாலே சிரிப்பு வரும். அந்த மாதிரிச் சாயங்காலங்கள் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

அவளுக்கு அந்நியமாக இருக்கக்கூடாது என்பது ஒன்றுதான் அவர் மனதில். அதனால் தங்கள் வீட்டு உள்ளறையை அப்படியே வண்டிக்குள் இறக்கினார். வடபுறம் என்ன இருக்கிறதோ அது வண்டியின் முன்பக்கம், தென்புறம் இருப்பது பின்பக்கம். பட்டறையில் வண்டி வடக்குப் பார்த்துத்தான் நின்றது, வசதியாகப் போயிற்று. வீட்டில் தென்புறம் சமையல் அலமாரித் தட்டுகளும் தண்ணீர்த் தொட்டியும். வண்டியில் பின்கதவை ரிவெட் அடித்து மூடி, அங்கே தட்டுகளையும் டிரம்மையும் வைத்தார். யாகப்பன் ஓட்டப் போவதால் ஓட்டுநர் இருக்கைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு தடுப்பு. வீட்டில் வாசலும் ஜன்னலும் கிழக்கே. இங்கேயும் அப்படியே.

"பாய், கதவை வலது பக்கம் வெக்கறீங்களே. எல்லா வேனுக்கும் இடது பக்கம்தானே?" என்றான் யாகப்பன்.

"எங்க வூட்டுக்குக் கெழக்கால கதவு. இதுக்கும் கெழக்கால."

"வண்டிக்கு ஏது பாய் கெழக்கு மேக்கு?"

"நீ உன் ஸ்பிரிங்கைப் பாரு."

மேற்குச் சுவருக்குத்தான் நூர் பாஷா அதிகப் பாடுபட்டார். வீட்டில் அவர்கள் தொழும்போது முகம் கொடுப்பது அந்தச் சுவரைத்தான். அதில் அவர்கள் ஒரு ஆணிகூட அடித்ததில்லை, காலண்டர் மாட்டியதில்லை. தொழுகையில் பார்வை சிதறக்கூடாது. வண்டியின் இடது பக்கத்தை அதேபோல் ஒரு சந்து பொந்து இல்லாமல் தகரம் அடித்து, உள்ளே பிளைவுட் ஒட்டி, வீட்டுச் சுவரின் அதே வெளிர்ப்பச்சைப் பெயின்ட்டை இரண்டு கோட்டிங் கொடுத்தார். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் குமிழி நட்டநடுவில் நின்றது.

தை பிறந்ததும் வண்டியை வீட்டு வாசலுக்கு ஒட்டினாற்போல் கொண்டுவந்து நிறுத்தினார்கள். யாகப்பன் தெருமுனைக்குப் போய்விட்டான். அஸ்கரி பேகம் வாசலிலிருந்து நேரே வண்டிக்குள் காலை வைத்தாள். பார்க்காமலே கையை நீட்டினாள். உப்பு ஜாடி கையில் வந்தது. இன்னொரு கையை நீட்டினாள். கரண்டி. திரும்பி நின்று பச்சைச் சுவரை உள்ளங்கையால் தடவினாள்.

"என் வூடேதாங்க" என்றாள்.

நூர் பாஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நிமிஷத்தில் இருவரில் ஒருவராவது கொஞ்சம் யோசித்திருக்கலாம். சந்தோஷத்தில் இருக்கிறவனுக்கு யோசனை எங்கே வருகிறது?

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கிளம்பினார்கள். யாகப்பன் ஓட்டினான், பக்கத்தில் நூர் பாஷா. தடுப்புக்குப் பின்னால் அஸ்கரி பேகம். தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்த வேண்டும், இரண்டு தட்டினால் போகலாம் என்று பஸ் கண்டக்டர் கணக்கில் பேசி வைத்திருந்தார்கள். பென்னாகரம் தாண்டுவதற்குள் பன்னிரண்டு தட்டு. சீரகம் கொட்டிவிட்டது என்று ஒன்று, பொறுக்கி முடித்துவிட்டதற்கு இரண்டு. "பன் வாசனைல பசிக்குதுங்க" என்று நிறுத்தியது தனி. யாகப்பன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான்.

மலைப்பாதை இறக்கத்தில் காட்டு இலாகா ஆள் ஒருவர் நிறுத்தி, இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். பரிசல் துறையில் மாதேஸ்வரன் என்ற பரிசல்காரர் வழி காட்ட ஏறிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் யாகப்பனின் கைவேலை பேசியது. வண்டி கல்லில் ஏறி இறங்கியது, ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. மணல் ஓடையில் சக்கரம் அமிழ்ந்தபோது பலகையைக் கொடுத்தார்கள், வண்டி உறுமிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. உள்ளே ஒரு பாத்திரமும் உருளவில்லை. எல்லாவற்றுக்கும் நூர் பாஷா கொக்கி வைத்திருந்தார். இடது கைப் பக்கம், பத்தடியில், காவேரி அகலமாக ஓடிக்கொண்டிருந்தது. வலது பக்கம் சுவர்போலப் பாறை.

"இதாங்க எடம்" என்றார் மாதேஸ்வரன். "இதுக்கு மேல தடம் இல்லீங்க."

மணி நாலு இருக்கும். சாய்ந்த வெயில் ஆறு முழுக்கக் கிடந்தது. கண்ணுக்கு எட்டியவரை ஒரு மனுஷன் இல்லை. இருபத்தெட்டு வருஷத்துப் பாக்கியை ஒரே தவணையில் தீர்க்கப் போகிறோம் என்ற பெருமையோடு நூர் பாஷா வண்டியைச் சுற்றிக்கொண்டு ஓடி, கதவைத் திறந்து உள்ளே ஏறினார். அஸ்கரி பேகம் ஜன்னலருகே தயாராக உட்கார்ந்திருந்தாள். தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"பாரு பேகம்" என்று ஜன்னல் பலகையைத் தூக்கினார்.

ஜன்னலுக்கு வெளியே பாறை இருந்தது. பாறை இடுக்கில் ஒரு காரைச் செடி. கீழே ஆட்டுப் புழுக்கை.

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "இதுதாங்க காவேரியா?"

நூர் பாஷா திரும்பிப் பார்த்தார். ஆறு இருந்த பக்கம் பச்சைச் சுவர். ஒரு சந்து பொந்து இல்லாமல், இரண்டு கோட்டிங் பெயின்ட்டோடு, ரசமட்டம் வைத்து அவரே கட்டிய சுவர். ஆறு மேற்கே இருக்கிறது என்று சொன்னவரும் அவர்தான், மேற்கை அடைத்தவரும் அவர்தான். வீட்டிலிருந்து ஆறு தெரியாது என்றுதானே வண்டியே கட்டினார்! அந்த வீட்டை அச்சு மாறாமல் கட்டினால் அதிலிருந்து மட்டும் எப்படித் தெரியும்?

கீழே இறங்கி யாகப்பனிடம் சொன்னார். யாகப்பன் இந்தத் தடவை சிரிப்பை அடக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்துவிட்டான். பிறகு பாயின் முகத்தைப் பார்த்ததும் எழுந்தான்.

"திருப்பி நிறுத்திடலாம் பாய்."

"இங்க எங்கீங்க திருப்பறது?" என்றார் மாதேஸ்வரன். "ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஆறு. வந்த வழியே ரிவர்ஸ்ல ரெண்டு மைல் போயி, திருப்பி, மறுபடி ரிவர்ஸ்லயே வரணும். அதுக்குள்ள பொழுது போயிருங்க."

"இன்னொரு நாளைக்கு ஜன்னல் வெச்சு எடுத்துட்டு வரலாம், வுடுங்க பாய்."

இன்னொரு நாள் என்பது கிடையாது. அது யாகப்பனுக்குத் தெரியாது. நூர் பாஷா சாமான் பெட்டியைத் திறந்தார். வெட்டிரும்பையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு வண்டியின் இடது பக்கம் வந்தார். தகரத்தில் வெட்டிரும்பை வைத்து ஓங்கி ஒரு அடி அடித்தார். அளவு எடுக்கவில்லை. நூல் பிடிக்கவில்லை. அவர் பட்டறை வைத்த நாளிலிருந்து அளக்காமல் அடித்த முதல் அடி அதுதான். இரண்டாவது அடிக்குக் கை தூக்கும்போது உள்ளேயிருந்து சுவரில் ஒரு தட்டுக் கேட்டது. ஒரே ஒரு தட்டு.

நின்றார். பிறகு உள்ளே போனார்.

"எதுக்கு இடிக்கறீங்க?" என்றாள்.

"ஜன்னல் வெக்கறன். பத்து நிமிஷம். நீ பாத்துடலாம்."

"தொழுவற சுவத்தை உடைச்சுட்டா அப்புறம் அது வூடா? வுடுங்க." அவள் குரலில் கோபம் இல்லை. "வெளியில யார் யாரு இருக்கறாங்க?"

"யாகப்பனும் பரிசல்காரரும்."

"அசர் தொழுகைக்கு நேரம் ஆயிட்டுது. வண்டி ஆத்துப் பக்கமா சாஞ்சு நிக்குது, இதுல நேரா நின்னு தொழ முடியாது. அவங்களைக் கொஞ்சம் பாறைக்கு அந்தாண்டை போவச் சொல்லுங்க."

"நீ எங்க...?"

"வூடு இங்கயே நிக்கட்டுங்க. வாசல்வரைக்கும் போயிட்டு வரன். வாசலுக்குப் போனா வூட்டை விட்டுப் போனதா ஆயிடுமா?"

சொந்த வீட்டு வாசலில்கூட நின்று பார்க்காத பொம்பிளை சொன்ன வார்த்தை இது. நூர் பாஷா இறங்கினார். யாகப்பனையும் மாதேஸ்வரனையும் பாறைக்கு அப்பால் அனுப்பினார். அஸ்கரி பேகம் வெள்ளைத் தொழுகைத் துணியைத் தலையிலிருந்து இடுப்புவரை போர்த்திக்கொண்டு, கையில் தொழுகைப் பாயோடு படி இறங்கினாள். ஒரு கை வண்டித் தகரத்தைப் பிடித்தபடியே இருந்தது. முன்பக்கமாகச் சுற்றி வரும்வரைக்கும் அந்தக் கை தகரத்தை விடவில்லை. மூலை திரும்பியதும் விட்டுவிட்டது.

கரையில் குந்தி உட்கார்ந்து ஆற்றில் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்க மனமில்லாமல் அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு கை கழுவி, வாய் கொப்பளித்து, முகம் கழுவி, காலைக் கழுவினாள். மேற்கே பார்த்துப் பாயை விரித்தாள். மேற்கே ஆறுதான் இருந்தது.

"நானும் கை கழுவிட்டு வந்துடறன்" என்றார் அவர்.

"நீங்க மெதுவா வாங்க, தனியாத் தொழுதுக்கங்க. நீங்க முன்னால நின்னா எனக்கு ஆறு மறைக்கும்." உடனே அவளே திருத்திக்கொண்டாள். "தொழும்போது பாக்கமாட்டன். முடிச்சுட்டுப் பாக்கறன்."

அவர் வெட்டிரும்பைப் பிடித்த கையோடு பின்னாலேயே நின்றார். வீட்டில் இருவரும் சேர்ந்து தொழுதால் அவர் முன்னால், அவள் பின்னால். அப்படித்தான் முறை. அதனால் தொழுகையில் அவளுடைய முதுகை அவர் பார்த்ததே கிடையாது. இன்றைக்குப் பார்த்தார். சின்ன முதுகு. நூலில் பிடித்த அளவுதான், முடிச்சுகூட அவருக்கு நினைவிருந்தது. ஆனால் அது இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நூல் சொல்லவில்லை. இத்தனை வருஷம் இவள் பார்த்ததெல்லாம் என் முதுகைத்தானே, அதைத் தாண்டி எதைக் காட்டினோம் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்டிரும்பைச் சத்தம் இல்லாமல் கீழே வைத்தார்.

அவள் வலப்பக்கமும் இடப்பக்கமும் சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தாள். அதற்குப் பிறகு நிமிர்ந்து பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று அவர் கணக்கு வைக்கவில்லை. அவரும் ஆற்றில் இறங்கிக் கை கால் கழுவி, தள்ளி நின்று தொழுதுவிட்டு வந்தார். அப்போதும் அவள் அங்கேயேதான் இருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று தெரிந்தும் அவர் கிட்டே போகவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே சொன்னாள். "ஏங்க, அடுப்பை இங்க இறக்குங்க. டீ போடலாம்."

அடுப்பை இறக்கினார். பிறகு பாத்திரம். பிறகு டீத்தூள், சர்க்கரை. முதுகுக்குக் கொடுக்க ஒரு தலகாணி. பிறகு இன்னொரு தலகாணி. ஆறு மாதம் கொக்கி போட்டு மாட்டிய சாமான்களை நூர் பாஷா ஒவ்வொன்றாகக் கழற்றி ஆற்றங்கரைக்குச் சுமந்தார். தட்டுகள் காலியாகிக்கொண்டே வந்தன. கரையில் ஒரு குடித்தனம் பரவிக்கொண்டே போனது. பாறைக்கு அந்தப் பக்கமிருந்து யாகப்பன், "பாய், வரலாமா?" என்று குரல் கொடுத்தான்.

"இருப்பா. டீ வரும்" என்றார்.

டீயை ஆற்றி முதல் தம்ளரை அவரிடம் நீட்டினாள். வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது, கிளம்பும் நேரம். கிளம்பலாமா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அஸ்கரி பேகம் பாயில் நகர்ந்து உட்கார்ந்து, அடியில் உறுத்திய ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் போட்டாள்.

"அடுத்த தடவை வரும்போது கொஞ்சம் கெட்டிப் பாயா எடுத்துட்டு வரணுங்க" என்றாள். "கல்லு குத்துது."

வாயைத் திறந்தால், ‘அடுத்த தடவை’ என்று சொல்லிவிட்டதை அவளே கவனித்து, அதையும் திருத்திக்கொண்டுவிடுவாளோ என்று நூர் பாஷாவுக்குப் பயமாக இருந்தது. தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.